மொரீசியஸ் நாட்டின் நகரங்களும் வட்டாரங்களும்

மொரீசியஸ் இந்தியப் பெருங்கடலின் தென்மேற்கில், மடகாஸ்கருக்குக் கிழக்கே ஏறத்தாழ 800 கி.மீ. தொலைவில் அமைந்துள்ள தீவு நாடு. முதன்மைத் தீவின் பரப்பளவு 1,865 சதுர கி.மீ. வடமுனைக்கும் தென்முனைக்கும் இடையே ஏறத்தாழ 65 கி.மீ. மட்டுமே. இந்தச் சிறிய நிலத்தில் பன்னிரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். 1968 மார்ச் 12 அன்று பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்ற இந்நாடு, 1992இல் அதே நாளில் குடியரசானது.

சுற்றுலா விளம்பரங்களில் மொரீசியஸ் என்றால் வெண்மணல், பவளப்பாறை, நீலக்கடல். வரைபடத்தை விரித்துப் பார்த்தால் வேறொரு செய்தி கண்ணில் படும். நாட்டில் நகராட்சிகள் ஐந்து. அவற்றில் கடலோரத்தில் இருப்பது தலைநகர் போர்ட் லூயிஸ் மட்டுமே. மற்ற நான்கும் கடலைவிட்டு விலகி, தீவின் நடுவிலுள்ள மேட்டுநிலத்தில் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கின்றன. அழகிய கடற்கரைகளைச் சுற்றிலும் வைத்துக்கொண்டு, மக்கள் ஏன் மழையும் குளிரும் மிகுந்த மேட்டில் போய்க் குடியேறினார்கள்? இதற்கான விடையில் காற்று, கரும்பு, காய்ச்சல் ஆகிய மூன்றுக்கும் பங்கு உண்டு.

நிலத்தின் அமைப்பு

மொரீசியஸ் எரிமலையால் உருவான தீவு. கடலோரச் சமவெளி மெல்ல உயர்ந்து, நடுவில் 300 முதல் 600 மீட்டர் உயரமுள்ள மேட்டுநிலமாகிறது. அதைச் சுற்றி, பழைய எரிமலை வாயின் உடைந்த விளிம்புகளாக மலைத்தொடர்கள் நிற்கின்றன. மிக உயர்ந்த சிகரம் தென்மேற்கில் உள்ளது. உயரம் 828 மீட்டர்.

ஆண்டு முழுவதும் தென்கிழக்கிலிருந்து வணிகக்காற்று வீசுகிறது. அது கொண்டுவரும் ஈரம் மேட்டில் மோதி மழையாகிறது. மேட்டுநிலத்தின் சில பகுதிகளில் ஆண்டுக்கு 4,000 மி.மீ. வரை மழை பெய்யும். அங்கிருந்து சிறிது தொலைவே உள்ள மேற்குக் கரையில் 1,000 மி.மீ.க்கும் குறைவு. தலைநகரில் வியர்த்துக்கொண்டிருப்பவர், அரை மணி நேரப் பயணத்தில் கம்பளிச் சட்டையைத் தேட வேண்டியிருக்கும். தீவின் வட்டாரங்களை இந்த மழைக்கணக்கைக் கொண்டு நினைவில் வைத்துக்கொள்வது எளிது: ஈரமான நடு, காற்றடிக்கும் கிழக்கு, வறண்ட மேற்கு, தட்டையான வடக்கு, கரடுமுரடான தெற்கு.

நிர்வாக வரைபடத்தில் ஒன்பது மாவட்டங்கள் உள்ளன. போர்ட் லூயிஸ், பாம்ப்ளமூஸ், ரிவியேர் டு ராம்பார், ஃப்ளாக், கிராண்ட் போர்ட், சவான், பிளாக் ரிவர், மோக்கா ஆகிய எட்டும் ஏதோ ஓரிடத்தில் மலையையோ கடலையோ எல்லையாகக் கொண்டவை. ஒன்பதாவதான பிளேன் வில்ஹெம்ஸ் மேட்டுநிலத்தின் மையம். மக்கள்தொகை மிகுந்த மாவட்டமும் அதுதான்.

போர்ட் லூயிஸ்

1598இல் இங்கு வந்திறங்கிய டச்சுக்காரர்கள், தங்கள் நாட்டு இளவரசர் மாரிஸின் பெயரைத் தீவுக்குச் சூட்டினார்கள். 1638இல் தென்கிழக்குக் கரையில் குடியேற்றம் அமைத்தார்கள். அங்குள்ள துறைமுகத்தில் ஒரு சிக்கல் இருந்தது. தென்கிழக்குக் காற்று கப்பல்களை உள்ளே எளிதாகக் கொண்டுவந்து சேர்க்கும். வெளியேறும்போது அதே காற்று எதிர்த்து நிற்கும். 1710இல் டச்சுக்காரர்கள் தீவைக் கைவிட்டார்கள். அதற்குள் டோடோ பறவை அழிந்துவிட்டது. அவர்கள் கொண்டுவந்த கரும்பும் மானும் தங்கிவிட்டன.

1715இல் தீவைத் தமதாக்கிக்கொண்ட பிரெஞ்சுக்காரர்கள் வடமேற்குக் கரையிலிருந்த மற்றொரு துறைமுகத்தைத் தேர்ந்தார்கள். பின்னால் மலைகள் காற்றை மறைத்து நின்றதால் பாய்மரக் கப்பல்கள் அங்கே பாதுகாப்பாக வந்து போக முடிந்தது. தலைநகர் இன்றும் அங்கேயே இருப்பதற்குக் காரணம் அந்தக் காற்றுதான்.

1735இல் ஆளுநராக வந்த மாயே டி லா பூர்தோனே அந்தத் துறைமுகத்தை நகரமாக்கினார். கட்டட வேலைக்காகப் புதுச்சேரிப் பகுதியிலிருந்து கொத்தர்களும் கைவினைஞர்களும் வரவழைக்கப்பட்டார்கள். மொரீசியஸ் தமிழர்களின் வரலாறு கரும்புத் தோட்டத்தில் தொடங்கியதாகப் பலர் எண்ணுவதுண்டு. உண்மையில் அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே, இந்த நகரத்தின் சுவர்களை எழுப்பியவர்களோடு அது தொடங்கிவிட்டது. நகரின் கிழக்குப் புறத்தில் இந்தியர்கள் வாழ்ந்த பகுதி அக்காலத்தில் ‘மலபார் முகாம்’ என அழைக்கப்பட்டது. இதே லா பூர்தோனே 1746இல் இங்கிருந்து கப்பற்படையுடன் சென்று சென்னைக் கோட்டையைப் பிடித்தார் என்பது தமிழக வரலாறு படிப்போருக்குத் தெரிந்த செய்தியாக இருக்கலாம்.

1810இல் பிரிட்டன் தீவைக் கைப்பற்றியது. படைகள் பல இடங்களிலிருந்து திரட்டப்பட்டன. சென்னையிலிருந்து வந்த படைப்பிரிவுகளும் அவற்றில் உண்டு. பிரெஞ்சு நிலவுடைமையாளர்களின் சொத்துக்கும் சட்டத்துக்கும் மொழிக்கும் பங்கம் வராது என்ற உறுதிமொழியுடன் ஆட்சி கைமாறியது. ஒன்றரை நூற்றாண்டு பிரிட்டிஷ் ஆட்சிக்குப் பிறகும் ஊர்ப்பெயர்கள் பிரெஞ்சாகவே இருப்பதும், தெருவில் பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழி ஒலிப்பதும் இதனால்தான்.

1835 பிப்ரவரி 1 அன்று அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டிலேயே, ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்களை அழைத்துவரும் முறை தொடங்கியிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஏறத்தாழ நான்கரை லட்சம் பேர் வந்தார்கள். பெரும்பாலோர் இன்றைய பீகார், உத்தரப் பிரதேசம் பகுதியினர். சென்னை மாகாணத்திலிருந்து வந்தவர்களில் தமிழரும் தெலுங்கரும் இருந்தனர். கப்பலைவிட்டு அவர்கள் ஏறிவந்த கருங்கற்படிகள் போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் இன்றும் உள்ளன. படிகள் பதினாறு. ‘ஆப்ரவாசி காட்’ எனப்படும் இவ்விடம் 2006இல் யுனெஸ்கோவின் உலக மரபுக் களமானது.

இன்றைய போர்ட் லூயிஸில் நாடாளுமன்றம், வங்கிகள், மையச் சந்தை, சீனர் தெரு, ஜும்மா பள்ளிவாசல் ஆகியவை சில நிமிட நடைக்குள் அடங்கிவிடும். 1812இல் தொடங்கிய ஷாம் டி மார்ஸ் குதிரைப் பந்தயத் திடல் தென்கோளத்திலேயே பழமையானது. நகரின் வடக்கோரத்தில் கைலாசன் கோயில் எனப்படும் சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் திருக்கோயில் உள்ளது. பகலில் நெரிசலால் திணறும் நகரம் மாலை ஐந்து மணிக்குப் பின் வெறிச்சோடிவிடும். வேலை செய்ய வருவோர் பெரும்பாலும் மேட்டில் வாழ்பவர்கள்.

காற்றைத் தடுத்த அதே மலைகள் மழைக்காலத்தில் ஆபத்தாகவும் மாறுகின்றன. 2013 மார்ச் 30 அன்று குறுகிய நேரத்தில் கொட்டிய மழை மலைச்சரிவிலிருந்து நகருக்குள் பாய்ந்ததில் பதினொருவர் உயிரிழந்தார்கள். கான்கிரீட்டும் சாலைகளும் இயற்கை வடிகால்களை அடைத்துவிட்ட நகரம், அன்று அதற்கான விலையைக் கொடுத்தது.

மேட்டுநில நகரங்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வசதியுள்ளவர்கள் போர்ட் லூயிஸிலேயே வாழ்ந்தார்கள். மேட்டுநிலம் காடும் தோட்டமுமாக இருந்தது. 1854இல் காலரா பரவியது. பிறகு 1866 முதல் 1868 வரை மலேரியா தீவையே உலுக்கியது. அதுவரை மலேரியா அறியாத மக்களுக்கு அதை எதிர்க்கும் ஆற்றல் சிறிதும் இல்லை. 1867இல் மட்டும் இக்காய்ச்சலால் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அன்றைய மக்கள்தொகையில் இது ஏறத்தாழ பத்தில் ஒருவர். காய்ச்சல் கொசுவால் பரவுகிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. கெட்ட காற்றே காரணம் என்று நம்பினார்கள். காரணம் தவறென்றாலும் தப்பிய திசை சரியாக இருந்தது. குளிர்ந்த மேட்டுநிலத்தில் அந்தக் கொசுக்கள் எளிதில் பெருகவில்லை.

ஓடிப்போக வழியும் அப்போதுதான் திறந்திருந்தது. 1864இல் வடக்கு ரயில் பாதையும், 1865இல் போர்ட் லூயிஸிலிருந்து மேட்டுநிலம் வழியாகத் தென்கிழக்கே மாயேபூர் செல்லும் பாதையும் தொடங்கின. கரும்புச் சர்க்கரையைத் துறைமுகத்துக்குக் கொண்டுவரப் போட்ட தண்டவாளம், காய்ச்சலுக்குத் தப்பியவர்களை மேலே கொண்டுபோய்ச் சேர்த்தது. மேட்டில் குடியிருந்து, காலை ரயிலில் அலுவலகம் வந்து, மாலையில் திரும்பும் வழக்கம் அன்று தொடங்கியது. 1892ஆம் ஆண்டுப் புயல் போர்ட் லூயிஸின் பெரும்பகுதியை நொறுக்கி ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. 1899இல் பிளேக் வந்தது. சூயஸ் கால்வாய் 1869இல் திறந்தபின் கப்பல் போக்குவரத்தும் குறைந்திருந்தது. துறைமுகத்தைவிட்டு விலக மக்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாகக் காரணங்கள் கிடைத்துக்கொண்டே இருந்தன.

எல்லோராலும் விலக முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ரயில் கட்டணமும் மேட்டில் மனை வாங்கும் பணமும் இருந்தவர்கள் போனார்கள். துறைமுகக் கூலிகளும் தோட்டத் தொழிலாளர்களும் தாழ்ந்த கரையிலேயே காய்ச்சலோடு வாழ்ந்தார்கள். மேடு, தாழ்வு என்பது நில உயரத்தை மட்டும் குறிக்காத சொல்லாகிப்போனது அப்படித்தான்.

பாதையில் மேலேறும் வரிசையிலேயே இந்நகரங்களைப் பார்க்கலாம். முதலில் இரட்டை நகரமான போ பாசேன்–ரோஸ் ஹில். பள்ளிகளும் கடைவீதிகளும் நிறைந்தது. அடுத்து காத்ர் போர்ன். பெயருக்கு ‘நான்கு எல்லைக்கற்கள்’ என்று பொருள். நான்கு கரும்புத் தோட்டங்கள் சந்தித்த இடம். இங்குள்ள துணிச்சந்தைக்கு நாடெங்கிலுமிருந்து ஆட்கள் வருவார்கள். பிறகு மற்றோர் இரட்டை நகரமான வாக்கோவா–ஃபீனிக்ஸ். வாக்கோவா என்பது தாழை இனத்து மரம் ஒன்றின் பெயர். அதன் ஓலையில் முடைந்த பைகளில்தான் ஒருகாலத்தில் சர்க்கரையை நிரப்பினார்கள். நாட்டின் மிகப்பெரிய நீர்த்தேக்கம் இந்நகருக்கு மேலே உள்ளது.

உச்சியில், ஏறத்தாழ 550 மீட்டர் உயரத்தில் கியூர்பிப். தூறலும் மூடுபனியும் இவ்வூரின் அடையாளம். நனையாமல் திரும்பினால் அதிர்ஷ்டம் என்று கொள்ளலாம். பிரெஞ்சு வழிவந்த செல்வக் குடும்பங்கள் பெரிய மரவீடுகளைக் கட்டிக்கொண்டு வாழ்ந்த ஊர் இது. ஊருக்குள்ளேயே அடர்ந்த மரங்கள் சூழ்ந்த எரிமலை வாய் ஒன்று இருக்கிறது. தாவரவியல் பூங்காவில் வேலிக்குள் நிற்கும் ஒரு பனைவகை மரம், உலகில் தன் இனத்தில் எஞ்சியிருக்கும் ஒரே மரம். அதிலிருந்து கன்று உண்டாக்கப் பல ஆண்டுகளாக முயன்றுவருகிறார்கள்.

அந்த ரயில் 1956இல் பயணிகளை ஏற்றுவதை நிறுத்தியது. 1964இல் முழுவதும் மூடப்பட்டது. பாதை போன பிறகும் நகரங்களின் வரிசை கலையவில்லை. பேருந்தும் காரும் அதே வழித்தடத்தில் நெருக்கியடித்தன. இறுதியில் இந்திய நிதியுதவியுடன், லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனம் அமைத்த ‘மெட்ரோ எக்ஸ்பிரஸ்’ இலகு ரயில் வந்தது. ரோஸ் ஹில் வரை முதலில் ஓடி, 2022இல் கியூர்பிப்பை எட்டிய இந்த ரயில், பழைய தண்டவாளம் சென்ற தடத்தையே பெரும்பாலும் பின்பற்றுகிறது. போர்ட் லூயிஸ், பிளேன் வில்ஹெம்ஸ் மாவட்டங்களைச் சேர்த்தால் நாட்டு மக்களில் ஏறத்தாழ பத்தில் நால்வர் இந்தத் தடத்தின் இருபுறமும் வாழ்கிறார்கள்.

இத்தடத்துக்கு அருகே, கரும்பு வயலாக இருந்த இடத்தில் 2000க்குப் பிறகு எபேன் ‘சைபர் சிட்டி’ எழுந்தது. பக்கத்தில் மோக்கா மாவட்டத்தின் ரெதுயி பகுதியில் குடியரசுத் தலைவர் மாளிகையும் மொரீசியஸ் பல்கலைக்கழகமும் உள்ளன. மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகள் கற்பிக்கப்படுகின்றன.

வடக்கும் கிழக்கும்

வடக்குச் சமவெளி முழுவதும் கரும்பு. வயல்களுக்கு நடுவே கருங்கற்கள் சிறு கோபுரங்களைப் போலக் குவிந்திருப்பதைக் காணலாம். எரிமலைக் கற்களைக் கையால் பொறுக்கி அடுக்கி நிலத்தைப் பயிருக்குத் தயார் செய்தவர்கள் அடிமைகளும், பின்னர் ஒப்பந்தத் தொழிலாளர்களும். கல்வெட்டு எதுவும் இல்லாத நினைவுச் சின்னங்கள் என்று அவற்றைச் சொல்லலாம்.

பாம்ப்ளமூஸ் தாவரவியல் பூங்கா பதினெட்டாம் நூற்றாண்டில் உருவானது. பெரிய தாம்பாளம் போன்ற இலைகளையுடைய அல்லிக்குளம் அதன் சிறப்பு. ஊர்ப்பெயர் நம்மவர்க்குப் பழக்கமான ஒலியுடையதாக இருக்கும்: தமிழில் பம்பளிமாஸ் என்கிற பழத்தைக் குறிக்கும் சொல்தான் அது. இன்னும் வடக்கே கிராண்ட் பே சுற்றுலா நகரம். உள்ளே தள்ளியிருக்கும் ட்ரியோலே, நாட்டின் பெரிய கிராமங்களில் ஒன்று. கிழக்கில் ஃப்ளாக் வட்டாரம் சந்தைக்கும் பெல் மார் கடற்கரைக்கும் பெயர்பெற்றது.

ஒருகாலத்தில் தீவெங்கும் இருநூறுக்கும் மேற்பட்ட சர்க்கரை ஆலைகள் இருந்தன. இன்று அவற்றை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். 2009இல் ஐரோப்பிய ஒன்றியத்துடனான சர்க்கரை ஒப்பந்தம் முடிந்து, உத்தரவாத விலை நின்றபின் கரும்பு நிலம் வேகமாக விடுதிகளாகவும் மாளிகைகளாகவும் மாறிவருகிறது. கடலோரத்து மனை யாருக்கு என்ற கேள்வி அங்கு அடிக்கடி எழுகிறது. பழைய தோட்ட நிலங்களில் வெளிநாட்டவர் வீடு வாங்க அனுமதிக்கும் திட்டங்களால் விலை ஏறிவிட்டது; உள்ளூர்க்காரருக்கு அது எட்டாத உயரம்.

தெற்கும் மேற்கும்

மாயேபூர் தென்கிழக்கின் பழைய நகரம். மீனவர் படகுகளும் திங்கட்கிழமைச் சந்தையும் உடையது. இதன் எதிரிலுள்ள விரிகுடாவில் 1810 ஆகஸ்டில் நடந்த கடற்போரில் பிரெஞ்சுப் படை வென்றது. பாரிஸின் வெற்றி வளைவில் அப்பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. நான்கே மாதங்களில் தீவு முழுவதும் பறிபோனது. பன்னாட்டு விமான நிலையமும் இவ்வட்டாரத்திலேயே உள்ளது.

2020 ஜூலை 25 அன்று ‘வகாஷியோ’ என்ற ஜப்பானிய நிறுவனத்தின் சரக்குக் கப்பல் இங்குள்ள பவளப்பாறையில் தரைதட்டியது. சில நாட்களில் அது பிளந்து ஏறத்தாழ ஆயிரம் டன் எண்ணெய் கடலில் கொட்டியது. அரசின் கருவிகளுக்காகக் காத்திராமல், பொதுமக்கள் கரும்புச் சோகையைத் துணிப்பைகளில் திணித்து மிதவைகளாகத் தைத்து எண்ணெயைத் தடுக்க இறங்கினார்கள். சர்க்கரைத் தொழில் தேய்ந்துவந்த நாட்டில் அந்தச் சோகை அன்று கடலுக்கு வேலியானது.

தென்கரையில் சவான் மாவட்டம். பாறைமேல் அலைமோதும் கரையும் போவா ஷெரி தேயிலைத் தோட்டமும் இங்கே. மேட்டின் விளிம்பிலுள்ள கிராண்ட் பாசேன் ஏரியை இந்துக்கள் கங்கா தலாவ் என்பர். சிவராத்திரிக்கு லட்சக்கணக்கானோர் காவடி போன்ற அலங்காரங்களைச் சுமந்து நடந்தே வருவார்கள். தமிழர்களின் பெருவிழா தைப்பூசம். அன்று நாடு முழுவதும் பொது விடுமுறை.

தென்மேற்கு மூலையில் 556 மீட்டர் உயரமுள்ள லெ மார்ன் மலை கடலை நோக்கிச் செங்குத்தாக நிற்கிறது. தோட்டங்களிலிருந்து தப்பிய அடிமைகள் இங்கே ஒளிந்து வாழ்ந்தார்கள். விடுதலைச் செய்தியைச் சொல்ல வந்த காவலர்களைப் பிடிக்க வந்தவர்கள் என்று எண்ணி அவர்கள் மலையிலிருந்து குதித்துவிட்டதாக வாய்மொழி மரபு கூறுகிறது. 2008இல் இதுவும் உலக மரபுக் களமானது.

மொழி பற்றி ஒரு குறிப்பு இங்கே பொருந்தும். மொரீசியஸ் ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்து உண்டு. 1998இல் வெளியான புதிய தாள்களில் தமிழை இந்திக்குக் கீழே தள்ளி அச்சிட்டபோது, முதலில் வந்து குடியேறியவர்கள் தாங்களே என்று தமிழர்கள் எதிர்த்தார்கள். அத்தாள்கள் திரும்பப் பெறப்பட்டு, பழைய வரிசையில் புதிதாக அச்சாயின. இத்தனைக்கும் அவர்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது கிரியோல். திருவிழா முடிந்ததும் வாழையிலையில் ஏழு கறிகளுடன் உண்ணும் வழக்கம் மட்டும் விட்டுப்போகவில்லை.

வெளித்தீவுகள்

மொரீசியஸ் ஒரே தீவு என்று நினைப்பது பொதுவான பிழை. கிழக்கே ஏறத்தாழ 560 கி.மீ. தொலைவில் ரோட்ரிக்ஸ் தீவு உள்ளது; பரப்பு 108 சதுர கி.மீ., தலைநகர் போர்ட் மதுரின். நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்களில் பெரும்பாலோர் கிரியோல் கத்தோலிக்கர். பெரிய கரும்புத் தோட்டம் இங்கே இல்லை. சோளம், அவரை, கால்நடை, ஆழமற்ற கடலில் பிடிக்கும் கணவாய்வகைச் சாக்குக்கணவாய் ஆகியவைதான் பிழைப்பு. குஞ்சுகள் வளர வழிவிட்டுச் சில வாரங்கள் பிடிப்பை நிறுத்திவைக்கும் முறையை 2012 முதல் கடைப்பிடிக்கிறார்கள். 2002 முதல் இத்தீவுக்குத் தன்னாட்சி மன்றம் உண்டு.

வடக்கே ஏறத்தாழ 1,000 கி.மீ. தொலைவிலுள்ள அகலேகாவில் சில நூறு பேர் மட்டுமே வாழ்கிறார்கள். இந்தியா அங்கே அமைத்த புதிய விமான ஓடுதளமும் படகுத்துறையும் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டன.

சாகோஸ் தீவுக்கூட்டத்தின் கதை வேறு. விடுதலைக்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 1965இல், பிரிட்டன் அதை மொரீசியஸிலிருந்து பிரித்தது. டியேகோ கார்சியாவில் அமெரிக்கப் படைத்தளம் அமைவதற்காக, அத்தீவுகளின் மக்கள் அனைவரும் 1973க்குள் வெளியேற்றப்பட்டார்கள். அந்தப் பிரிவினை சட்டத்துக்குப் பொருந்தாது என்று பன்னாட்டு நீதிமன்றம் 2019இல் கருத்துரைத்தது. டியேகோ கார்சியாவை 99 ஆண்டுக் குத்தகைக்கு வைத்துக்கொண்டு தீவுகளின் இறையாண்மையை மொரீசியஸிடம் ஒப்படைக்கும் உடன்பாட்டில் பிரிட்டன் 2025 மே மாதம் கையெழுத்திட்டது. வெளியேற்றப்பட்டவர்களில் பலர் கப்பலிலிருந்து இறக்கிவிடப்பட்ட இடம் போர்ட் லூயிஸ் துறைமுகம். நகரின் விளிம்பிலுள்ள ரோஷ் போவா, காசிஸ் போன்ற ஏழை மக்களின் குடியிருப்புகளில் அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் வாழ்கிறார்கள்.